மாட்டன் எண்டு சொல்லும் கியர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குகிற ஆட்கள் முதலில் குறை சொல்வது இரண்டு விஷயங்களைத்தான். ஒன்று, கியர் லீவர் நடுங்குது. சில வேகங்களில் போத்தலுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி இரையுது. மற்றது, கியர் விழுகுதில்லை. தள்ளினால் சுவரில முட்டின மாதிரி நிக்குது. இரண்டுக்கும் சொல்லப்படுகிற மருந்து ஒன்றுதான்: லீவரை மாத்து. பாரமான குமிழ் போடு, கட்டை லீவர் போடு.

இந்த மருந்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை எண்டு சொல்ல, கியர் பொக்ஸின் கதையைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் தொடங்கவேண்டும். அந்தக் கதையில் ஒரு விசித்திரம் இருக்கு. நடுக்கம் காரோடு கூடப் பிறந்தது. அதை மறைக்கத்தான் பொறியியலாளர்கள் பாடுபட்டார்கள். கியர் விழ மறுப்பது அப்படியில்லை. அதை மனிதர்கள் வேண்டுமென்றே கண்டுபிடித்தார்கள்.

1890களில் பிரான்ஸின் பனார் லெவாசோர் கார்களில் வந்த கியர் பொக்ஸில் மறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு தண்டுகள், அவற்றில் சின்னதும் பெரிதுமாகப் பல்சக்கரங்கள். ஓட்டுநர் லீவரைத் தள்ளினால் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு சக்கரம் பக்கவாட்டில் சறுக்கிப்போய், வேறு வேகத்தில் சுழலும் இன்னொன்றோடு பல்லுக்குப் பல் மோதும். எமில் லெவாசோரே அதை முரட்டு வேலை எண்டு ஒப்புக்கொண்டு, ஆனாலும் வேலை நடக்குது எண்டு சொன்னதாக ஒரு கதை உண்டு. எதைத் தள்ளினாலும் அது வாங்கிக்கொள்ளும். தண்டனை பற்களுக்கு.

இங்கே என்ன சிக்கல் என்பதை எண்களில் பார்த்தால் கெதியில் விளங்கும். விளக்கத்துக்காக ஒரு பிற்காலக் காரின் விகிதங்களை எடுப்போம்: 1989இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5. அதன் முதலாம் கியர் 3.136, இரண்டாம் கியர் 1.888, மூன்றாம் கியர் 1.330. முதலாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது இரண்டாவதுக்கு மாறினால், அதே கார் வேகத்துக்கு என்ஜின் பக்கம் ஏறத்தாழ 3600 சுற்றுக்கு இறங்கியாகவேண்டும். 2400 சுற்று வித்தியாசம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இறக்கம் 1800க்குக் கொஞ்சம் குறைவு. மேலே போகப்போக வித்தியாசம் சுருங்கும். எந்தப் பழைய காரிலும் முதலில் முரண்டு பிடிப்பது இரண்டாம் கியர் எண்டு மெக்கானிக்மார் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அந்தக் காலத்து ஓட்டுநர் இந்த வித்தியாசத்தைக் காதாலும் காலாலும் சரிக்கட்டினார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, கியரை இறக்குவதெண்டால் பெற்றோலைக் கொஞ்சம் கொடுத்துச் சுற்றை ஏற்றி, திரும்பக் கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போடுவது. இரட்டைக் கிளட்ச். நன்றாகச் செய்தால் சத்தமே வராது. பிழைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அமெரிக்காவில் ஏர்ல் தொம்சன் என்ற பொறியியலாளர் இந்த வேலையை ஓட்டுநரின் கையிலிருந்து எடுத்து ஒரு கூம்பிடம் கொடுத்தார். அவருடைய சின்க்ரோமெஷ் 1928இல் கடிலாக் கார்களில் வந்தது. பற்கள் பொருந்துவதற்கு முதல் இரண்டு கூம்பு வடிவப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசி, பிறேக் பிடிப்பதுபோல வேகங்களைச் சமப்படுத்தும். ஆனால் ஆரம்பத்தில் வந்த வகைகளை அவசரக்காரர் ஏமாற்றலாம். கூம்பு வேலையை முடிக்க முதல் லீவரை வேகமாகத் தள்ளினால் பழையபடி கறகற எண்டு அரைக்கும்.

அதனால்தான் பிறகு தடுப்பு வளையம் வந்தது. பித்தளை நிறத்தில் ஒரு சின்ன வளையம், ஓரத்தில் கூரான பற்கள். வேகங்களில் வித்தியாசம் இருக்கும்வரை உராய்வு அந்த வளையத்தை ஒரு பக்கமாக முறுக்கி வைத்திருக்கும். அப்போது அதன் பற்கள் நகரும் உறையின் பாதைக்குக் குறுக்கே நிற்கும். நீங்கள் எவ்வளவு தள்ளினாலும் அந்தத் தள்ளல் உராய்வைத்தான் கூட்டுமே தவிர, உள்ளே போகாது. இரண்டு வேகமும் ஒன்றான கணத்தில் முறுக்கு விடுபடும், வளையம் இம்மியளவு திரும்பும், உறை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நல்ல கியர் பொக்ஸில் இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும், கைக்குத் தெரிவதே இல்லை.

அதாவது, சுவரில முட்டின மாதிரி இருக்கு எண்டு நீங்கள் சொல்கிற அந்தச் சுவரை யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கியர் விழ மறுக்கும்போது வளையம் பெரும்பாலும் தன் கடமையைத்தான் செய்யுது. கேட்கவேண்டிய கேள்வி, வேகங்கள் ஏன் சமப்படவில்லை என்பதுதான். (தொம்சன் பிறகு ஹைட்ராமெட்டிக் என்ற தானியங்கிக் கியர் பொக்ஸை உருவாக்கிய குழுவை நடத்தினார். 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது வந்தது. கியர் மாற்றுவதை இலகுவாக்கிய அதே மனிதர்தான் அதை ஒரேயடியாக இல்லாமலாக்கவும் வழி செய்தார். இதில் எங்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.)

பிரித்தானியாவுக்கு சின்க்ரோமெஷ் வொக்ஸோல் கார்கள் மூலமாக 1930களின் தொடக்கத்தில் வந்தது. 1933இல் அல்விஸ் நிறுவனம் முன்னோக்கிய நான்கு கியருக்கும் அதைக் கொடுத்தது. ஆனால் மலிவான கார்களில் காசு மிச்சம் பிடித்தார்கள். முதலாம் கியர் கார் நிற்கும்போது போடுவதுதானே, அதற்கென்னத்துக்கு சின்க்ரோ எண்டு விட்டுவிட்டார்கள். இந்தக் கார்கள் எங்களுக்குப் புதிதல்ல. ஒஸ்ரின் ஏ-40 சோமசெட், மொறிஸ் மைனர் இரண்டிலும் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டும்தான் சின்க்ரோ. யாழ்ப்பாணத்தில் 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின அதே கார்கள். உதிரிப்பாகம் வராத காலத்தில் கடைசல் பட்டறைகள் அவற்றுக்கு உயிர் கொடுத்தன. அந்தக் கார்களை ஓட்டினவர்களிடம் கேட்டுப்பாருங்கள். கார் அசையாமல் நிற்கமுதல் முதலாம் கியரைத் தொடாதே எண்டுதான் சொல்வார்கள். மீறினால் அரைபடும். முதலாம் கியரில் மறுப்பதற்கு அங்கே வளையமே இல்லை.

இதே மொறிஸ் மைனருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரோடு இரத்த உறவு இருக்கு எண்டு எங்களில் கனபேருக்குத் தெரியாது. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், பொனட்டில் தவளைக் கண்கள் மாதிரி லைட் வைத்த அந்தக் குட்டிக் கார், 948 சிசி ஏ-சீரிஸ் என்ஜினை மைனர் 1000 காரோடு பகிர்ந்துகொண்டது. ஸ்டியரிங் அமைப்பும் மைனரின்தான். கியர் பொக்ஸ் ஒஸ்ரின் ஏ-35இலிருந்து வந்தது. எம்ஜி மிட்ஜெட் இதன் இரட்டைப் பிள்ளை. பந்தயத்துக்குப் போன இந்தக் கார்களுக்கும் முதலாம் கியரில் சின்க்ரோ கிடையாது. மிட்ஜெட்டுக்கு அது கிடைக்க 1974 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பெரிய தமையன் எம்ஜிபிக்கு 1967இல் கிடைத்தது.

நடுக்கத்தின் கதையும் இந்தக் குட்டிக் கார்களில்தான் நன்றாகத் தெரியும். நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வெடிக்கும். 800 சுற்றில் சும்மா நிற்கும்போது அது செக்கனுக்கு 27 தட்டு. 3000 சுற்றில் 100 தட்டு. அதோடு பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் வருகிற உதறலும் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வரும். கியர் பொக்ஸ் என்ஜினோடு போல்ட் பூட்டி ஒன்றாக நிற்பது. லீவரின் அடி அந்தக் கியர் பொக்ஸுக்குள். ஆகவே உங்கள் உள்ளங்கை என்ஜினைத்தான் பிடித்திருக்கு, இடையில் ஒரு இரும்புக் கம்பி.

இதை மறைக்க எத்தனை பாடு! 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் பிளைமவுத் கார்களில் என்ஜினை றப்பர் மேல் தூக்கி வைத்தது. என்ஜின் உதறட்டும், சட்டத்துக்கு உதறல் வராமல் இருந்தால் போதும் என்பது யோசனை. மிற்சுபிஷி 70களில் என்ஜினுக்குள்ளேயே எதிர்த்திசையில் சுழலும் சமநிலைத் தண்டுகளைப் போட்டது. 1982இல் போர்ஷே 944 காருக்கு அந்த வடிவமைப்பைப் போர்ஷே உரிமம் பெற்றுத்தான் பாவித்தது. பிரித்தானியர் செய்தது சிக்கனமான வேலை. ஸ்பிரைட், மிட்ஜெட் கார்களில் லீவரின் அடியில் ஒரு நைலோன் புஷ். பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் சின்ன முளையும். அந்த முளை ஊத்தையிலும் துருவிலும் இறுகிப்போனால் லீவர் இரையத் தொடங்கும். கழற்றித் துடைத்து, கிறீஸ் போட்டு, புஷ்ஷை மாற்றினால் நிற்கும். விரல் நுனி அளவான ஒரு சாமானுக்காக முழுக் கியர் பொக்ஸும் போய்விட்டது எண்டு நினைத்துக் காரை விற்றவர்கள் இருப்பார்கள்.

மறைப்பதற்காகப் போடுகிற சாமான்கள் றப்பர், நைலோன், பித்தளை. மூன்றும் இரும்பைவிட முதலில் தேயும். தேயத்தான் வேண்டும், அதற்காகத்தான் அவை அங்கே இருக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கியரைத் திருத்துவது பெரும்பாலும் இந்த மெத்தென்ற சாமான்களைத் தேடிப் போவதுதான்.

போர்ஷேயைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போவோம். 1952இல் 356 காருக்கு அவர்கள் சொந்தமாக ஒரு சின்க்ரோ செய்தார்கள், வெட்டுள்ள உருக்கு வளையம். 1972 தொடக்கம் 911 காரில் வந்த 915 கியர் பொக்ஸ் வரை அந்த முறைதான். அவசரம் பிடிக்காத பெட்டி அது. கையை மெதுவாக வைத்துக் காத்திருந்தால் வெண்ணெய் மாதிரிப் போகும். இழுத்தடித்தால் வளையம் தேயும். 911இல் கியர் பொக்ஸ் பின்னுக்கு என்பதால் லீவரிலிருந்து ஒரு நீண்ட தண்டு காருக்கு நடுவாலே ஓடி, ஒரு இணைப்பில் சின்னப் புஷ்களோடு முடியுது. அந்தப் புஷ் பொடிந்தால் இரண்டாம் கியர் எங்கே எண்டு தேடவேண்டி வரும். 1987இல் ஜி-50 பெட்டி வந்தபோது போர்ஷே தன் வளையத்தைக் கைவிட்டு, உலகம் பாவித்த தடுப்பு வளைய வகைக்கே வந்து சேர்ந்தது.

இனி எம்எக்ஸ்-5. பிரித்தானியக் குட்டிக் கார்கள் அழிந்துபோன பிறகு, அவற்றின் சுகத்தைக் கோளாறுகள் இல்லாமல் திருப்பிக் கொண்டுவரலாமா எண்டு ஜப்பானியர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் இந்தக் கார். தொஷிஹிகோ ஹிராயின் குழு குதிரையும் ஓட்டுபவரும் ஓருடல் என்ற ஜப்பானியச் சொற்றொடரை முன்னால் வைத்து வேலை செய்தது. லீவர் நேராகக் கியர் பொக்ஸின் மேலேயே நிற்கும், இடையில் தண்டு கம்பி எதுவும் இல்லை. கியர் பொக்ஸையும் பின் அச்சின் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இறுக்கமாகப் பிணைக்குது. கியர் பொக்ஸுக்கெண்டு தனி றப்பர் மவுண்ட் கிடையாது. என்ஜினின் இரண்டு மவுண்ட், டிஃபரென்ஷியலின் இரண்டு மவுண்ட், அவ்வளவுதான்.

இது தெரிந்தால் நடுக்கத்தைத் தேடுகிற வழி தானாகத் தெரியும். நிற்கும்போது லீவர் ஆட்டம் போட்டால் என்ஜின் மவுண்டைப் பாருங்கள். முப்பது வருட றப்பர் வெடித்துத்தான் இருக்கும். கிளட்ச் மாற்றின பிறகு புதிதாக நடுக்கம் வந்தால் அந்த அலுமினியச் சட்டத்தைக் கழற்றித் திரும்பப் பூட்டினவர் உயரத்தைச் சரியாக வைக்கவில்லை எண்டு சந்தேகப்படலாம். அளவு மஸ்டாவின் திருத்தக் கையேட்டில் இருக்கு. ஓடும்போது மட்டும் கிலுகிலு எண்டு இரைந்து, கையை வைத்து அழுத்தினால் நிற்குமெண்டால் கோளாறு லீவரின் அடியில்.

அந்த அடியைத் திறப்பது பின்னேரத்தில் செய்யக்கூடிய வேலைதான். நடுக் கொன்சோலைக் கழற்ற வெளி றப்பர் பூட் தெரியும். அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பூட், மூன்று போல்ட். பெரும்பாலும் இந்த உள் பூட் கிழிந்திருக்கும். கிழிந்தால் கியர் பொக்ஸின் சூடும் சத்தமும் ஒயில் மணமும் காருக்குள் வரும். லீவரை மேலே இழுத்தெடுத்தால் அதன் நுனியில் ஒரு பிளாஸ்ரிக் கிண்ணம், இல்லாவிட்டால் அதன் உடைந்த துண்டுகள். லீவர் நிற்கிற குழிக்கு, கியர் பொக்ஸின் ஒயிலோடு சேராத தனி ஒயில். பழையதை உறிஞ்சி எடுத்து, புதிய கியர் ஒயில் 80 முதல் 95 மில்லிலீற்றர் விட்டு, புதிய கிண்ணமும் பூட்டும் போட்டு மூடவேண்டும். பல கார்களில் அந்தக் குழி காய்ந்து கிடக்கும், ஏன் எண்டால் அப்படி ஒரு குழி இருப்பதே ஆட்களுக்குத் தெரியாது.

கியர் விழாத வருத்தத்துக்கு ஒரு சோதனை இருக்கு, காசு செலவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். இலகுவாக விழுகுது, என்ஜின் ஓடும்போது மட்டும் மறுக்குது எண்டால் கியர் பொக்ஸ் நிரபராதி. கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. சின்க்ரோ வளையம் நிறுத்தவேண்டியது கிளட்ச் தட்டையும் அதோடு சேர்ந்து சுழலும் தண்டுகளையும் பல்சக்கரங்களையும் மட்டும்தான். கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாவப்பட்ட வளையம் ஓடுகிற என்ஜினையே இழுத்துப் பிடிக்கப் பார்க்கும். முடியாது, மறுத்துக்கொண்டு நிற்கும். எம்எக்ஸ்-5இல் இதற்குப் பேர்போன குற்றவாளி கீழே இருக்கிற கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். அதன் றப்பர் உறையை விலக்கினால் திரவம் கசிந்திருக்கும். அதை மாற்றும்போது மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றுவது புத்தி. இல்லையெண்டால் கொஞ்ச நாளில் அடுத்தது போகும். சிலிண்டர் இரண்டும் நல்லமெண்டால் என்ஜின் தண்டின் நுனியில் இருக்கிற சின்னப் பெயாரிங் இறுகியிருக்கலாம். அதற்குக் கியர் பொக்ஸை இறக்கவேண்டும்.

குளிர்ந்த காலையில் மட்டும் இரண்டாம் கியர் மறுத்து, சூடேறச் சரிவந்தால் ஒயிலைப் பாருங்கள். தடித்த ஒயிலை வளையத்தால் கூம்பிலிருந்து வழித்தெறிய முடியாது, உராய்வு கிடைக்காது. (யாழ்ப்பாண வெயிலில் இந்தக் குறை குறைவு. நுவரெலியாக்காரர் அறிவார்கள்.) ஒயில் வழுக்கவேண்டும், ஆனால் சின்க்ரோவுக்கு உராய்வும் வேண்டும். ஆகவே விலை கூடின ஒயில்தான் நல்லதெண்டு இல்லை. கையேடு சொல்கிற ஒயில்தான் நல்லது.

இப்போது அந்தக் கட்டை லீவர். லீவர் என்பது நெம்புகோல். கை நகரும் தூரம் குறைந்தால் தேவைப்படும் பலம் அதே அளவுக்குக் கூடும், வளையத்துக்குக் கிடைக்கும் நேரமோ குறையும். தேய்ந்த சின்க்ரோவுள்ள பெட்டிக்குக் கட்டை லீவர் போடுவது நொண்டியை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது. பாரமான குமிழ் அவ்வளவு தீங்கில்லை. அது இரைச்சலைக் குறைக்கும், ஆனால் காரணத்தைக் குறைக்காது. நடுக்கம் போகும் எண்டு நம்பிக் கடினமான பொலியுறித்தேன் மவுண்ட் போடுகிறவர்களுக்கு நடக்கிறது நேர் எதிர்: லீவர் ஆடாது, முழுக் காரும் ஆடும்.

மறுப்பில் இன்னொரு வகையும் வரலாற்றில் உண்டு. 1989 கொர்வெட் காரின் ஆறு கியர் பெட்டியில், மெதுவாக வேகமெடுத்தால் முதலாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போக விடாமல் ஒரு மின் முளை தடுத்து, லீவரை நேரே நான்காவதுக்குத் தள்ளிவிடும். அது பற்களைக் காக்க வந்ததல்ல. எரிபொருள் சோதனையில் நல்ல எண் எடுத்து, அதிகம் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்க அரசு போடுகிற வரியிலிருந்து தப்ப வந்தது. உரிமையாளர்கள் அந்த வயரைக் கழற்றி ஒரு சின்ன மின்தடையைச் செருகிவிட்டுத் தங்கள் பாட்டுக்கு ஓடினார்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. வரிக்காக வந்த மறுப்பும் வளையத்தின் மறுப்பும் ஒன்றல்ல.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அது திறபட 2025 பெப்ரவரி வரை ஆனது. அந்த ஐந்து வருடத்தில் புதிதாகப் பெரிதாக ஒன்றும் வரவில்லை, இருந்ததைத்தான் திருத்தி ஓடினோம். இனியும் விலையைப் பார்த்தால் எங்கள் வயதுக்காரருக்குக் கிடைக்கப்போவது பழைய கியர் கார்தான். ஸ்போர்ட்ஸ் காரோ, அப்பாவின் லான்சரோ, பார்க்கிற முறை ஒன்றுதான். வாங்கப் போகும்போது விற்கிறவரிடம் என்ஜினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்ராட் செய்து, கிளட்சை முழுசாக மிதித்து, மூன்று வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பல பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ இல்லை. அப்படியான பெட்டியில் கிளட்ச் ஒட்டினால் அது மறுக்காது, அரைக்கும். அந்தச் சத்தம் கேட்டால் விலையில் கிளட்ச் வேலையின் காசைக் கழிக்கச் சொல்லுங்கள்.